மார்பக மறுசீரமைப்பில் மின்கத்திகள்: எந்தக் கருவி, எந்த இடத்தில்?

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றி, அதே அமர்வில் புதிய மார்பகத்தையும் அமைப்பதென்றால், அறுவை மருத்துவர் விட்டுவைப்பது தோலையும் அதன் அடியில் ஒட்டிய மெல்லிய கொழுப்பையும் மட்டும்தான். இரண்டும் சேர்ந்து சில மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதுவரை அந்தத் தோலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வந்துகொண்டிருந்தது. பால்சுரப்பியைத் துளைத்து மேலேறும் குழாய்கள் ஒரு வழி. தோலின் அடிப்புறத்திலேயே பின்னிக்கிடக்கும் நுண்குழாய்கள் மற்றொரு வழி. சுரப்பியை எடுத்ததும் முதல் வழி அறுந்துபோகிறது. இனி அந்தத் தோல் மடல் பிழைப்பது மிச்சமிருக்கும் நுண்குழாய்களின் தயவில்தான். சுரப்பியைப் பிரிக்கும் கருவியின் முனையோ அந்தக் குழாய்களுக்குக் கீழே மயிரிழைத் தூரத்தில் சூட்டோடு ஓடுகிறது.

அந்தச் சூடு எவ்வளவு, எத்தனை ஆழம் பரவுகிறது, எந்தக் கருவியில் குறைவு என்ற கேள்விக்கு 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் வந்தபடி இருக்கின்றன. பன்றித் தோலில் செய்தவை உண்டு, பெண்களைச் சமவாய்ப்பில் பிரித்துச் செய்த சோதனைகள் உண்டு, அவற்றைத் திரட்டி எழுதிய மேலாய்வுகளும் உண்டு. ஆனால் அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கேள்வியைக் கேட்ட விதமே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் கருவி நல்லதா அந்தக் கருவி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. சூடு படும் இடத்தில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, அதற்கு அடியில் வைக்கப்போவது என்ன என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மின்சாரம் வெட்டுவது எப்படி

நரம்பையும் தசையையும் துடிக்கவைக்காமல் உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்த முடியும் என்பதை 1891-இல் காட்டியவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் தார்சோன்வால். அதிர்வெண்ணை மிகவும் உயர்த்தினால் தசைக்கு அந்த மின்சாரம் உறைப்பதில்லை. சூடு மட்டும் உண்டாகிறது. இன்றைய அறுவைக் கருவிகள் நொடிக்கு மூன்று லட்சம் அலைகளுக்கு மேல் ஓடுவதற்கு இதுவே அடிப்படை. 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் ஒரு நோயாளியின் தலையிலிருந்த ரத்தப்பெருக்குள்ள கட்டியை அகற்றினார். சில நாட்களுக்கு முன்பு ரத்தப்போக்கு தாங்காமல் பாதியில் நிறுத்திய அறுவை அது. இம்முறை இயற்பியலாளர் வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவி பக்கத்தில் இருந்தது. அமெரிக்க ஆபரேஷன் தியேட்டர்களில் இன்றும் இந்தக் கருவியைப் போவி என்றே கூப்பிடுகிறார்கள். நம் ஊர் தியேட்டர்களில் காட்டரி அல்லது டயதர்மி.

காட்டரி என்றதும் பழுக்கக் காய்ச்சிய இரும்பு பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அதுவல்ல. முனையிலிருந்து மின்சாரம் திசுவுக்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைத் திசு எதிர்ப்பதால் திசுவுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. உள்ளே போன மின்சாரம் நோயாளியின் தொடையில் ஒட்டிய அகலமான பிளேட் வழியே வெளியேறி இயந்திரத்துக்குத் திரும்புகிறது. முனையின் பரப்பு சிறிது, பிளேட்டின் பரப்பு பெரிது. ஒரே அளவு மின்சாரம் முனையில் வெட்டுகிறது, பிளேட்டில் உணரவே முடியாதபடி பரவிவிடுகிறது. பிளேட் பாதி பெயர்ந்துபோனால் அங்கேயும் தோல் வெந்துவிடும். ஒட்டுதல் குறைந்தால் தானாக எச்சரித்து நின்றுவிடும் ஏற்பாடு 1980-களில் பரவலான பிறகுதான் அந்த விபத்துகள் பெருமளவு குறைந்தன.

இயந்திரத்தில் ‘கட்’, ‘கோயாக்’ என்று இரண்டு பொத்தான்கள். இவற்றின் வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் பாதிக் கதை. ‘கட்’டில் மின்னலை இடைவிடாமல் ஓடுகிறது, வோல்டேஜ் ஒப்பீட்டில் குறைவு. முனைக்கும் திசுவுக்கும் நடுவே பொறி தாவுகிறது. செல்லுக்குள் இருக்கும் நீர் ஒரு கணத்தில் கொதித்து ஆவியாகி, செல் வெடிக்கிறது. சூட்டில் பெரும்பங்கு ஆவியோடு போய்விடுவதால் அண்டைத் திசுவுக்குக் கொஞ்சம்தான் கடத்தப்படுகிறது. ‘கோயாக்’கில் மின்சாரம் மொத்த நேரத்தில் சுமார் 6 சதவீதம்தான் பாய்கிறது, மீதி நேரம் இடைவெளி. அதற்குள் அதே ஆற்றலைத் தரவேண்டுமானால் வோல்டேஜ் மிகவும் ஏறியாக வேண்டும். ஏறிய வோல்டேஜ் அகலமாகவும் ஆழமாகவும் தாவுகிறது. திசு வெடிப்பதற்குப் பதில் வெந்து சுருங்கிக் கருகுகிறது. குழாய்கள் அடைபட்டு ரத்தம் நிற்கிறது. புரதம் உருக்குலைய 60 டிகிரி செல்சியஸ் போதும். வழக்கமான முனையின் சூடு 200 டிகிரிக்கு மேல்.

மார்பகம் பெருமளவு கொழுப்பாக இருப்பது இங்கே ஒரு சிக்கலைக் கூட்டுகிறது. தசையைவிடக் கொழுப்பு மின்சாரத்தை அதிகம் எதிர்க்கும். வெட்டு தயங்கும்போது வாட் எண்ணை உயர்த்துவது கையின் இயல்பு. ‘கட்’டில் தொடங்கியவர் ரத்தம் கசியக் கண்டு ‘கோயாக்’குக்கு மாறி, அதிலேயே மிச்சத் தூரத்தையும் வெட்டிக்கொண்டு போவதும் சகஜம். ஆகவே ஓர் ஆய்வில் ‘காட்டரி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒரே பொருளைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த முறை, எத்தனை வாட், அகன்ற தகட்டு முனையா ஊசி முனையா, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் என்ற விவரங்கள் மாறினால் அதே கருவி இரண்டு வேறு கருவிகளாக நடந்துகொள்கிறது.

போட்டிக்கு வந்த கருவிகள்

இரட்டை முனைக் கருவி, அதாவது பைபோலார், இடுக்கி வடிவில் இருக்கும். மின்சாரம் ஒரு கூரிலிருந்து மறு கூருக்குத்தான் போகிறது. உடல் வழியாகச் சுற்றிவருவதில்லை, பிளேட்டும் தேவையில்லை. நுண்ணிய குழாயைப் பிடித்து அடைக்க மிகவும் உகந்தது. நீளமான வெட்டுக்கு உதவாது.

பிளாஸ்மா கத்தியின் கதை கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. டேனியல் பலன்கர் குழுவினர் கண் அறுவைக்காக நுண்ணிய துடிப்புகளில் மின்சாரத்தைச் செலுத்தும் கத்தி ஒன்றை உருவாக்கினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பீக் பிளாஸ்மாபிளேடு. முனையின் பக்கங்கள் காப்புப் பூச்சால் மூடப்பட்டிருக்கும், விளிம்பு மட்டும் திறந்திருக்கும். மிகக் குறுகிய துடிப்புகள் அந்த விளிம்பில் பிளாஸ்மாவை உண்டாக்கி வெட்டுகின்றன. துடிப்புகளுக்கு இடையே சூடு தணிய அவகாசம் கிடைக்கிறது. கருவியின் சூடு வழக்கமான மின்கத்தியைவிட மிகவும் குறைவு என்பது தயாரிப்பாளரின் கூற்று. கருவியைத் தயாரித்த நிறுவனத்தை 2011-இல் மெட்ரானிக் வாங்கியது.

ஹார்மோனிக் கத்தி மின்னறுவை வகையைச் சேர்ந்ததே அல்ல, ஆனாலும் ஒப்பீடுகளில் அதை விட்டுவிட முடியாது. நொடிக்கு 55,500 தடவை அதிரும் உலோக இதழ் திசுவைத் தேய்த்து, புரதத்தைக் குழைத்துக் குழாயை ஒட்டவைக்கிறது. உடலுக்குள் மின்சாரம் போவதில்லை. சூடு குறைவு என்ற பெயர் இதற்கு உண்டு. குறுகிய பயன்பாட்டில் அந்தப் பெயர் பொருந்தும். நீண்ட நேரம் விடாமல் இயக்கினால் இதழ் 200 டிகிரியையும் தாண்டும், பொத்தானை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும். அந்த நேரத்தில் இதழின் முனையால் தோலை ஒதுக்கிவிடக் கூடாது. இவற்றோடு 7 மில்லிமீட்டர் வரையுள்ள குழாய்களை அடைக்கும் லிகாஷூர் போன்ற கருவிகளும் உண்டு. மார்பகத்தில் அத்தனை பெரிய குழாய்கள் அபூர்வம் என்பதால் இங்கே அவற்றின் பங்கு சிறியது.

இத்தனைக்கும் அளவுகோலாக நிற்பது சாதாரண அறுவைக் கத்தி. சூடே இல்லை. ரத்தம் மட்டும் நிற்காது.

பன்றித் தோலில் கண்டது

பிளாஸ்மா கத்திக்கு ஆதரவாக அதிகம் எடுத்துக்காட்டப்படும் சான்று 2009-இல் வெளிவந்த பன்றித் தோல் ஆய்வு. பிளாஸ்மா கத்தியின் வெட்டு முறையில் வெந்துபோன விளிம்பு சுமார் 66 மைக்ரான். வழக்கமான மின்கத்தியில் அது 600 மைக்ரானுக்கும் மேல். ஆறு வாரம் கழித்துக் காயத்தின் உறுதியைச் சோதித்தபோது பிளாஸ்மா வெட்டு சாதாரணக் கத்தி வெட்டுக்கு இணையாக இருந்தது, மின்கத்தி வெட்டு பலவீனமாக இருந்தது. கருவியைக் கண்டுபிடித்தவரே ஆய்வாசிரியர்களில் ஒருவர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். என்றாலும் நுண்ணோக்கியில் அளந்த எண் அது, ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

அந்த எண்ணை மார்பகத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 600 மைக்ரான் என்றால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வயிற்றுத் தோலின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கொழுப்பு உள்ள இடத்தில் அரை மில்லிமீட்டர் வெந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மார்பகத் தோல் மடலில் நிலைமை வேறு. மெலிந்த பெண்ணுக்குத் தோலின் அடிக்கொழுப்பு மிகக் குறைவு. சுரப்பியைத் தோலோடு இணைக்கும் கூப்பர் நார்கள் தோல்வரை ஏறிவருகின்றன. சுரப்பி எங்கே முடிகிறது, விடவேண்டிய கொழுப்பு எங்கே தொடங்குகிறது என்று எல்லாப் பெண்களுக்கும் தெளிவான ஒரு கோடு தெரிவதில்லை. உதவியாளர் தோலை இரண்டு கொக்கிகளால் மேலே தூக்கிப் பிடிக்கிறார். அறுவை மருத்துவர் இடக்கையால் சுரப்பியைக் கீழே இழுத்துப் பிடிக்கிறார். இரண்டு இழுவைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு நார்ப்படலம் விறைத்து நிற்கும். அதைத்தான் முனை தொடவேண்டும். இழுவை சரியாக இருந்தால் மெல்லத் தொட்டதுமே படலம் விலகிவிடும். தளர்ந்தால் முனை அங்கேயே தங்கி அழுத்தும். தங்குகிற ஒவ்வொரு நொடியும் சூடு மேல்நோக்கி ஏறும். ஒரே கருவி ஒருவர் கையில் தோலைக் காப்பாற்றுவதும் இன்னொருவர் கையில் கருக்குவதும் இந்த இடத்தில்தான். உதவியாளருடைய கையின் பங்கை அளந்து சொன்ன ஒப்பீட்டு ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. அது முடிவைக் கருவியளவுக்கே தீர்மானிக்கிறது என்று நம்புகிறேன்.

அடியில் என்ன இருக்கிறது

தோல் மடலின் ஓரம் கறுத்துச் சாவது மார்பக நீக்கத்துக்குப் பின் அரிதல்ல. எதைச் சாவு என்று கணக்கிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, 5 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. புகைப்பழக்கம், உடல் பருமன், முன்பே கொடுத்த கதிர்வீச்சு, பெரிய மார்பகம், வெட்டுக்கோட்டின் வடிவம் எல்லாமே இதில் பங்கெடுக்கின்றன. கருவியின் சூடு இவற்றோடு சேரும் ஒரு காரணம்.

ஆனால் அதே இரண்டு சென்டிமீட்டர் கறுப்புக்குக் கொடுக்கவேண்டிய விலை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல. அடியில் அவளுடைய சொந்த வயிற்றுத் திசுவை வைத்திருந்தால், செத்த தோலை வெட்டியெடுத்துவிட்டுக் கட்டுப்போட்டு ஆறவிடலாம். கீழே ரத்த ஓட்டமுள்ள சதை இருக்கிறது, காயம் அதன்மேல் மூடிக்கொள்ளும். அடியில் சிலிகோன் இம்பிளான்ட் இருந்தால் கதை வேறு. அந்நியப் பொருளுக்கு ரத்தம் இல்லை, எதிர்ப்புச் சக்தி இல்லை. தோல் திறந்த அன்றே கிருமி உள்ளே போகலாம். போனால் இம்பிளான்ட்டை எடுத்தாக வேண்டும். அதற்குள் கீமோ தொடங்கவேண்டிய தேதி தள்ளிப்போகலாம். மார்பகத்தை இழந்து, மறுபடி பெற்று, அதையும் இழக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தவர்கள் சூட்டை மைக்ரான் கணக்கில் பேசுவதை அற்ப விஷயமாக நினைக்க மாட்டார்கள்.

அதனால் இம்பிளான்ட் வைத்து உடனே மறுசீரமைக்கும் அறுவைகளில்தான் குறைந்த சூட்டுக் கருவிகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது என்பது என் கணிப்பு. சொந்தத் திசு அறுவையிலும் அவை உதவலாம், ஆனால் அங்கே தப்பினால் மீள வழி இருக்கிறது. இம்பிளான்ட்டைப் பொறுத்தவரை கூடுதலாக ஓர் எச்சரிக்கை: சூடான முனை சிலிகோன் உறையைத் தொட்டால் உறை பழுதாகும். பழைய இம்பிளான்ட்டைச் சுற்றி இறுகிய உறைத்திசுவை அகற்றும்போது இது கண்ணெதிரே இருக்கும் அபாயம்.

கருவியை மாற்றாமலே தோலைக் காக்கும் வழிகளும் இருக்கின்றன, அவற்றை ஒப்பீட்டு ஆய்வுகள் ஓரத்தில் தள்ளிவிடுகின்றன. தோல் பக்கம் போகும்போது ‘கோயாக்’கைத் தவிர்த்துக் குறைந்த வாட்டில் ‘கட்’டை வைத்துக்கொள்வது ஒன்று. இண்டோசயனின் கிரீன் சாயத்தைச் சிரையில் ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் தோலின் ரத்த ஓட்டத்தைத் தியேட்டரிலேயே பார்த்துவிடுவது இன்னொன்று. ஒளிராத பகுதி பெரிதாக இருந்தால் முழு அளவு இம்பிளான்ட்டை அன்றே திணிக்காமல், தோலை விரிக்கும் காலிப் பையான விரிப்பானை வைத்துவிட்டு மெல்ல நிரப்பலாம். அழுத்தம் குறைந்தால் தத்தளிக்கும் தோல் பிழைக்க வாய்ப்புண்டு.

முலைக்காம்பைத் தக்கவைக்கும் அறுவையில் காம்பின் நேர் அடிப்பகுதிக்குத் தனி விதி. பல அறுவை மருத்துவர்கள் அந்த இடத்தில் மின்கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரியையோ கத்தியையோ எடுக்கிறார்கள். காம்பின் ரத்த ஓட்டம் மிகவும் மெலிது என்பது ஒரு காரணம். அங்கிருந்து எடுத்த திசுவில் புற்று எட்டியிருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்பது மறு காரணம். ஓரம் கருகியிருந்தால் செல்லின் உருவம் சிதைந்து, பதில் சொல்ல முடியாமல் போகும்.

நீர்கோத்தல்

ஆய்வுகளில் மிக அதிகமாக அளக்கப்பட்டது தோல் சாவு அல்ல, சீரோமா. அறுவை செய்த இடத்தின் வெற்றிடத்தில் மஞ்சள் நிற நீர் தேங்குவதுதான் அது. டிரெயின் குழாய் வழியே வெளியேறும் நீரை நாள்தோறும் அளந்து எழுதுவது எல்லா வார்டிலும் நடக்கும் வேலை, அதனால் ஆய்வாளருக்கு எண் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுப்பது பரவலான வழக்கம்.

1998-இல் வெளிவந்த சமவாய்ப்புச் சோதனை ஒன்று இந்தத் துறையில் எல்லாரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. 80 பெண்களைப் பிரித்துச் சிலருக்குக் கத்தியாலும் சிலருக்குக் காட்டரியாலும் மார்பகத்தை நீக்கினார்கள். காட்டரியில் ரத்தப்போக்கு குறைந்தது; ஆனால் சீரோமா 38 சதவீதம் பேருக்கு வந்தது, கத்தியில் 13 சதவீதம்தான். வெந்த கொழுப்பு அழற்சியை உண்டாக்கி நீரைச் சுரக்கவைக்கிறது, அடைபடாத நிணநாளங்களும் கசிகின்றன என்று விளக்கம் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு புதுக் கருவியும் சீரோமாவைக் குறைக்கும் என்ற வாக்குறுதியோடுதான் தியேட்டருக்குள் நுழைகிறது.

ஹார்மோனிக் கத்தியை எடுத்துக்கொள்வோம். மார்பக நீக்கத்தில் அதையும் காட்டரியையும் ஒப்பிட்ட சோதனைகளைத் திரட்டி 2012-இல் வந்த மேலாய்வு, வடிநீரிலோ சீரோமாவிலோ ரத்தப்போக்கிலோ வித்தியாசமில்லை என்றது. 2015-இல் வந்த இன்னொன்று, சுமார் 700 பெண்களைக் கொண்ட சோதனைகளைத் திரட்டி, மூன்றிலும் ஹார்மோனிக் மேல் என்றது. மூன்றே ஆண்டுகளில் முடிவு புரண்டுவிட்டதே என்று திகைக்க வேண்டாம். இரண்டிலும் சேர்க்கப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. சீரோமா என்பதற்கு ஒவ்வொன்றிலும் வேறு வரையறை: ஊசியால் உறிஞ்சவேண்டி வந்தால் மட்டும் ஒரு குழு கணக்கில் எடுத்தது, கையில் தட்டுப்பட்டாலே மற்றொரு குழு எண்ணியது. தன் கையில் என்ன கருவி இருக்கிறது என்பதை அறுவை மருத்துவரிடம் மறைக்கவும் வழியில்லை. இந்த நிலையில் இரண்டு புதிய சோதனைகள் உள்ளே வந்தாலே தராசு மறுபக்கம் சாயும்.

இதற்கிடையில் தையல் நூல் ஒன்று சத்தமில்லாமல் பெரிய வேலை செய்திருக்கிறது. முதுகிலிருந்து லாட்டிசிமஸ் தசையை மார்புக்குத் திருப்பிக்கொண்டுவரும் அறுவை 1906-இல் இத்தாலியின் தான்சினி காலத்திலிருந்து வருவது. தசையை எடுத்த முதுகில் பெரிய வெற்றிடம் உண்டாகும். அங்கே நீர்கோப்பதுதான் அந்த அறுவையின் தீராத தொல்லை. முதுகுத் தோலின் அடிப்புறத்தை ஆங்காங்கே கீழ்ச் சதையோடு தைத்து வெற்றிடத்தை மூடினால் நீர்கோத்தல் வெகுவாகக் குறைகிறது. மார்பக நீக்கத்தில் தோல் மடலை மார்புத் தசையோடு தைத்துவைத்த நெதர்லாந்துச் சோதனைகளிலும் இதையே கண்டார்கள். நீர் தேங்க இடமிருந்தால் தேங்கும். இடத்தை மூடாமல் கருவியை மட்டும் மாற்றுவது பாதி மருத்துவம். சீரோமாவைக் குறைப்பதற்கென்றே விலையுயர்ந்த கருவி வாங்க நினைக்கும் துறைத்தலைவர், முதலில் இந்தத் தையலைத் தன் பிரிவில் வழக்கமாக்கிப் பார்க்க வேண்டும்.

ஒற்றைக் காம்பில் தொங்கும் திசு

வயிற்றுத் திசுவால் மார்பகம் அமைக்கும் அறுவையில் கேள்வியே வேறு விதமாகிறது. 1982-இல் அறுவை மருத்துவர் ஹார்ட்ராம்ப் வயிற்றுத் தசையோடு சேர்த்துத் திசுவை மேலே கொண்டுவந்தார். தசையை விட்டுவைத்து, அதைத் துளைத்து வரும் பெர்ஃபரேட்டர் குழாயை மட்டும் உரித்தெடுக்கலாம் என்று ஜப்பானின் கொஷிமா 1989-இல் காட்டினார். 1994-இல் அமெரிக்காவின் ஆலன் அதை மார்பக மறுசீரமைப்பில் நிலைநாட்டினார். இன்று டீப் ஃபிளாப் என்று அழைக்கப்படும் அறுவை அது. தொப்புளுக்குக் கீழுள்ள தோலும் கொழுப்பும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒன்றிரண்டு குழாய்களை நம்பிப் பெயர்க்கப்படுகின்றன. பிறகு அந்தக் குழாயை அறுத்து, மார்பெலும்பின் ஓரத்தில் ஓடும் நாளத்தோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கிறார்கள்.

தோலை வெட்டிக் கொழுப்பைப் பிரிக்கும் வரை எந்தக் கருவியானாலும் சரி. குழாயைத் தசைக்குள் பின்தொடரும்போது பைபோலார் இடுக்கியும் நுண்கிளிப்பும்தான் துணை. பக்கத்தில் பிரியும் சிறு கிளையைத் தாய்க் குழாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து அடைக்க வேண்டும். ஒட்டிப் பிடித்தால் சூடு தாய்க் குழாயின் உட்சுவர் வரை போய், அங்கே ரத்தம் உறைய இடம் தரும்.

அதைவிட முக்கியமான ஒரு புள்ளி பல ஒப்பீட்டுக் கட்டுரைகளில் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. திசு முழுக்கப் பெயர்க்கப்பட்டு ஒரே குழாயில் நிற்கும் வேளையில், அந்தத் திசுவின் மேல் ஒற்றை முனைக் காட்டரியை வைத்தால் என்ன ஆகும்? மின்சாரம் தொடையிலுள்ள பிளேட்டுக்குப் போயாக வேண்டும். போகும் வழி, திசுவுக்குக் காம்பாக நிற்கும் அந்த மெல்லிய குழாய் ஒன்றுதான். பரந்து பாயவேண்டிய மின்சாரம் முழுவதும் அதன் வழியே நெருக்கியடித்துப் போகும். முனை தொட்ட இடத்தைவிடக் காம்பில் சூடு கூடலாம். மேலே ஒரு சிறு ரத்தக்கசிவை நிறுத்தப் போய், கீழே மொத்தத் திசுவின் உயிரையும் பணயம் வைத்ததாகிவிடும். எனவே திசு தனித்து நிற்கத் தொடங்கியதும் ஒற்றை முனைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அங்கே தடை. பிளாஸ்மா கத்தியும் ஒற்றை முனைக் கருவிதான், மின்சாரத்தைத் திருப்பிவாங்க அதற்கும் பிளேட் வேண்டும். குறைந்த சூடு என்ற பெயரை நம்பி அதற்கு மட்டும் விலக்கு அளிக்கக் கூடாது. பைபோலாரும் ஹார்மோனிக்கும் பாதுகாப்பானவை, ஏனென்றால் அவற்றில் மின்சாரம் காம்பு வழியே பயணிப்பதில்லை. இதற்குச் சமவாய்ப்புச் சோதனை தேவையில்லை, பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

புகையும் பணமும்

கொழுப்பு வெந்தால் புகை அதிகம். மார்பக அறுவையும் ஒட்டறுவையும் அந்த வகையில் தியேட்டரிலேயே மோசமானவை. 1981-இல் ஜப்பானில் நடந்த ஆய்வு, ஒரு கிராம் திசுவைக் காட்டரியால் பொசுக்கும் புகைக்கு ஆறு சிகரெட்டுக்குச் சமமான மரபணு மாற்றுத் திறன் உண்டு என்று காட்டியது. பிரிட்டனில் ஓர் ஒட்டறுவைத் தியேட்டரில் அளந்தவர்கள் நாளொன்றுக்கு 27 முதல் 30 சிகரெட் வரை என்ற கணக்குக்கு வந்தார்கள். இந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள், தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காயத்தின் மேல் குனிந்து நிற்கும் உதவியாளரும் நர்சும். நோயாளியின் பலன்களை மட்டும் அட்டவணையிடும் ஒப்பீடுகளில் இவர்கள் இடம்பெறுவதேயில்லை. சாதாரணக் காட்டரியோடு ஒரு புகை உறிஞ்சியை இணைப்பது, புதிய தலைமுறைக் கருவிக்கு மாறுவதைவிட எளிது.

பணத்தைப் பேசாமல் கருவியைப் பேசுவது நேர்மையாகாது. பிளாஸ்மா கத்தியின் கைப்பிடியும் ஹார்மோனிக்கின் கைக்கருவியும் ஒரு நோயாளிக்கு ஒன்று என்ற கணக்கில் விற்கப்படுபவை. சாதாரணக் காட்டரிப் பென்சிலைப் போலப் பல மடங்கு விலை. நம் ஊரில் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் அறுவைக்கு மொத்தமாக ஒரு தொகை நிர்ணயிக்கின்றன. விலையுயர்ந்த கைக்கருவி ஒன்று அந்தத் தொகைக்குள் வந்தால், இன்னொன்று வெளியே போக வேண்டும். ஒருமுறைக்கு என்று அச்சிட்டதைக் கிருமிநீக்கம் செய்து பலமுறை பயன்படுத்தும் வழக்கமும் இதனால்தான் வேரூன்றியிருக்கிறது. அப்படி மறுபயன்பாட்டில் தேய்ந்த இதழோ காப்புப் பூச்சு உரிந்த முனையோ, ஆய்வுக் கட்டுரையில் பேசப்படும் கருவியாக இருக்காது. புதுக் கருவியின் 66 மைக்ரானை அதற்குச் சூட்ட முடியாது.

எப்படி ஒப்பிடலாம்

கிடைத்த சான்றுகளை வைத்து ஒரு மருத்துவமனைக்கு ஆலோசனை சொல்லச் சொன்னால், நான் இப்படிச் சொல்வேன். இம்பிளான்ட் வைக்கும் உடனடி மறுசீரமைப்பில், அதுவும் மெல்லிய தோல் மடல் உள்ள பெண்ணுக்கு, பிளாஸ்மா கத்தியை வாங்கிப் பயன்படுத்த நியாயம் இருக்கிறது. வாங்க முடியாதவர்கள் குறைந்த வாட்டில் ‘கட்’டோடும் ஊசி முனையோடும் அதே குறிக்கோளுக்குப் பெருமளவு நெருங்கிவிடலாம். முதுகிலும் வயிற்றிலும் திசு எடுத்த இடத்துக்குக் கருவியைவிடத் தையல் முக்கியம். குழாய்க்காம்பின் அருகில் மின்கருவி என்றால் பைபோலாரைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஹார்மோனிக் கத்தி இதுவரை தன் விலைக்கு ஈடான பலனை மார்பகத்தில் உறுதியாகக் காட்டிவிடவில்லை.

இந்தக் கருத்துகளை உடைக்கவோ உறுதிப்படுத்தவோ ஒரு நல்ல சோதனை போதும், அதற்கு வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். பரம்பரை மரபணுக் கோளாறால் இரண்டு மார்பகங்களையும் ஒரே நாளில் அகற்றிக்கொள்பவர்களில் ஒரு பக்கத்துக்குப் பிளாஸ்மா கத்தி, மறுபக்கத்துக்குச் சாதாரண மின்கத்தி. எந்தப் பக்கத்துக்கு எது என்பதைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். புகைப்பழக்கம், எடை, வயது, சர்க்கரை எதுவும் இரண்டு பக்கத்துக்கும் வேறுபடாது. அவளே அவளுக்கு ஒப்பீடு. வாட் எண்ணையும் முறையையும் இயந்திரத்திலிருந்தே பதிவுசெய்ய வேண்டும். டிரெயினை அளப்பதோடு நிற்காமல் 30 நாளில் தோல் எவ்வளவு செத்தது, ஓர் ஆண்டில் எந்தப் பக்கத்து இம்பிளான்ட்டை எடுக்கவேண்டி வந்தது என்று பார்க்க வேண்டும். தோலையும் வடிநீரையும் மதிப்பிடுபவருக்கு எந்தப் பக்கத்தில் எந்தக் கருவி என்பது தெரியக் கூடாது. 2009 முதல் புழக்கத்தில் இருக்கும் பிரெஸ்ட்-க்யூ வினாத்தாள் ஒரு பெண் தன் மார்பகத்தைப் பற்றி என்ன உணர்கிறாள் என்று கேட்பதற்கென்றே உருவானது. அதில் இடம், வலம் என்று பிரித்துக் கேட்க வழியில்லாததால், எந்தப் பக்கம் தொட்டால் உணர்வு இருக்கிறது, எந்தப் பக்கம் இறுகிக் கிடக்கிறது, எந்தப் பக்கத்தைத் தன்னுடையதாக நினைக்க முடிகிறது என்ற கேள்விகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.